தமோராவில் ஒரு நாள் நடை

என் கணக்குப்படி அவள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், பாகாலாவுக்குத் திரும்பும் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பஞ்சர் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். மாலை நான்கு மணி இருக்கும். புரட்டாசி மாதம். வேலூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து திருமலைக்கு நடந்து போகிறவர்கள் மஞ்சள் உடுத்திக்கொண்டு, சாலையோரமாகக் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் மகள் பவித்ராவின் முகம் அதில் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண். தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவள் அங்கே போகவில்லை என்பது மதியம்தான் தெரிந்தது. இந்தச் சாலையில்தான் நடந்துகொண்டிருப்பாள் என்று தோன்றியது அதற்கும் வெகுநேரம் கழித்து. ஏழு மணிக்குக் கிளம்பினாள். மணிக்கு நான்கு கிலோமீட்டர். ஆகவே இந்த இடம். பள்ளிப் பிள்ளைகள் போடுகிற கணக்குதான். விடை வந்த இடத்தில் பிள்ளை இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை மாம்பழக் கூழ் ஆலையைப் பற்றியே எழுதி வந்தேன். அங்கே சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. இந்த வாரமும் அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வேறு பக்கம் போகிறது. இது நடந்து சில வாரங்களே ஆகின்றன.

பீரோ கதவில் ஒரு கண்டம்

பவித்ரா இரண்டு வருடமாக ஒரு உலகம் செய்துகொண்டிருக்கிறாள். கதை எழுதுகிறாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். அந்த உலகத்தில் ஒரு கண்டம் இருக்கிறது. பெயர் தமோரா. அதன் வரைபடம், பழைய சயன்ஸ் சார்ட்டின் பின்பக்கத்தில் வரைந்தது, எங்கள் படுக்கையறை பீரோ கதவில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. புடவை எடுக்கக் கதவைத் திறந்தால் தமோரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கிழக்கே ஒரு துறைமுகம், ரேவுப்பாக்கம். ரேவு என்றால் தெலுங்கில் துறை, பாக்கம் தமிழ். எங்கள் வீட்டுப் பேச்சும் இப்படித்தான் இருக்கும், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று எங்களுக்கே தெரியாது. நடுவில் நீல நிறத்தில் மலைகள். மலைக்கு அப்பால் தலைநகரம், ஏழ்வாசல். துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போகும். அதுதான் சாலை.

ரேவுப்பாக்கத்தில் எதிரிக் கப்பல்கள் வந்துவிட்டன என்ற செய்தியை ஒரு தூதுப்பெண் தலைநகருக்குக் கொண்டுபோகிறாள். பன்னிரண்டு நாள் நடக்கிறாள். ஏன், குதிரையில் போகக்கூடாதா என்று கேட்டேன்.

"தமோராவுல குதிரையே இல்லம்மா" என்றாள், திருப்பதியில் கடல் இல்லை என்று சொல்கிற மாதிரி.

இதையெல்லாம் அவள் முதலில் படித்துக்காட்டுவது லாவண்யாவிடம். ஒரே பெஞ்சில் உட்காருகிற தோழி, கணக்கில் கெட்டி. வரைபடத்தில் அளவுகோல் இல்லை என்பதை லாவண்யாதான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு விட்டாளா? பன்னிரண்டு நாளில் தன்னால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, வகுப்பே கேட்கச் சொல்லியிருக்கிறாள்: "நெல்லூர்கூட தாண்ட மாட்டேன். இதுக்குப் பேர் கண்டமா?"

பவித்ரா அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையை வீசினாள்.

"துன்றியா இல்லையாடி" என்று கேட்டேன்.

"நெல்லூராம்" என்றாள். "நெல்லூர்."

நூலும் நாற்பதும்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் வந்தாள். நான் ஆலையில் கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து எழுதுகிறவள். அளப்பதென்றால் அம்மா என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

முதலில் ஸ்கேலை எடுத்து துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு நேராக வைத்தேன். மலைமேல் படுத்துக் கிடந்தது ஸ்கேல்.

"அவ பறந்துக்கினா போறா?" என்றாள்.

நியாயம்தான். மலையடிவாரத்து அலிபிரியில் நின்று அண்ணாந்து பார்த்தால் திருமலை தலைக்கு மேலேயே இருக்கிறது. பஸ் அதற்கு எத்தனை வளைவு வளைந்து போகிறது. அதனால் தையல் நூலை எடுத்தேன். சிவப்புக் கோட்டின் ஒவ்வொரு வளைவின்மேலும் அதைப் படிய வைத்தோம், அவள் நகத்தால் அழுத்திப் பிடிக்க, நான் நகர்த்த. வெட்டி எடுத்து நேராக இழுத்தால், அந்த நூல் பன்னிரண்டு நாள் நடை. அந்த நூலாலேயே கண்டத்தை அளந்தோம். கிழக்கு மேற்காக நாலரை நூல். வடக்கு தெற்காக மூன்றுக்குக் கொஞ்சம் கூட.

இனி ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். ஒரு நாளில் ஒரு பெண் எவ்வளவு தூரம் நடப்பாள்?

"மணிக்கு நாலு கிலோமீட்டர். பத்து மணி நேரம் வெச்சுக்கோ. நாப்பது" என்றேன்.

நாற்பதைப் போட்டுப் பெருக்கினாள். தமோரா இந்தியாவின் முக்கால் அகலத்துக்கு வந்து நின்றது. முகம் பளிச்சென்றது. ஒரு நிமிடம்தான்.

"நாப்பதுன்னு யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றதுதான்."

"நீ நடந்திருக்கியா?"

"அலிபிரியில ஏறியிருக்கேன். உன்ன வயித்துல வெச்சிக்கினு ஏறினேன்."

"அது படிம்மா. ரோடு இல்ல."

படுத்துத் தூங்கு என்றேன்.

தூரம் கேட்டால் நேரம்

எங்கள் பக்கத்தில் யாரிடமும் தூரம் கேட்டுப் பயனில்லை. நேரம்தான் சொல்வார்கள். வேலூர் எவ்வளவு தூரம் என்றால் ஒரு மணி நேரம் என்பார்கள். மாம்பழ சீசனில் ஆலை வாசலில் வரிசையாக நிற்கிற லாரிக்காரர்களை, தோட்டம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு டீ என்பார்கள். சிலருக்கு இரண்டு டீ.

நான் பிறந்தது சத்தியவேடு பக்கம். அங்கே காலையில் பஸ் ஏறினால் டிபன் நேரத்துக்குச் சென்னை. எங்கள் ஜில்லாவின் தலைநகரமான சித்தூரில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டுமென்றாலோ, போக அரை நாள், வர அரை நாள். வரைபடத்தில் நாங்கள் சித்தூர்க்காரர்கள். பஸ் ஸ்டாண்டில் வந்து பார்த்தால் சென்னைக்காரர்கள்.

பிறகு ஜில்லாவைப் பிரித்தார்கள். ஒருநாள் எழுந்தபோது எங்கள் ஊர் திருப்பதி ஜில்லாவில் இருந்தது. ஒரு எருமைகூட இடம் மாறவில்லை. என் அண்ணன் போன் செய்து, "நாங்க இப்ப திருப்பதிக்காரங்க. லட்டு வேணும்னா சொல்லு" என்றான்.

கோடு போடுகிறவர்கள் எல்லோரும் மேலேயிருந்து பார்த்துப் போடுகிறார்கள். பவித்ரா தன் சாலையை ஒரு பெண் நடந்து போவதற்காகப் போட்டாள். அதனால்தான் எல்லோரும் சொல்கிற நாற்பது அவளுக்குப் போதவில்லை. இன்று நிதானமாக யோசிக்கும்போது இது விளங்குகிறது. அன்று எனக்கு அது ஒரு பிள்ளை விளையாட்டு.

மஞ்சள் சுடிதார்

அடுத்த நாள் ஞாயிறு. நான்கு இட்லி தின்றாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டாள். மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். லாவண்யா வீட்டில் ப்ராஜெக்ட் வேலை, சாயந்திரம்தான் வருவேன் என்றாள். நான் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே தலையாட்டினேன்.

மதியம் என் போன் அடித்தது. லாவண்யா.

"ஆண்டி, பவிகிட்ட போன் குடுங்க."

பவித்ராவுக்கென்று தனியாகப் போன் கிடையாது. என் போனில்தான் அவளைக் கூப்பிடுவார்கள். போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போய் நின்றேன், அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள் என்பது போல. காதுக்குள் ஒரு சத்தம் தொடங்கியது. ஆலையில் நீராவிக் குழாயைத் திறந்துவிட்டால் கேட்குமே, அந்த மாதிரி. அது இன்னும் முழுதாக நிற்கவில்லை.

என் கணவர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வாரத்தில் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். ஷிப்டில் இருந்தால் போன் எடுக்க முடியாது. எடுக்கவில்லை. எதிர்வீட்டு மஸ்தான் பாய் ஆட்டோ வைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் சாப்பாட்டிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு வந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். சென்னை பஸ், பெங்களூர் பஸ், வேலூர் பஸ். ஒவ்வொரு கண்டக்டரிடமும் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கடைசியாக எடுத்த படம், நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நல்ல படம் ஒன்று தேடிப் பிடிக்க நிற்கவில்லை.

"தனியா ஒரு பொண்ணு ஏறிச்சாங்களா?"

"தனியா யாரும் ஏறலம்மா."

ரயில்வே ஸ்டேஷனிலும் அதே கேள்வி, அதே பதில். ஆட்டோ ஸ்டாண்டிலும் கேட்டேன். தனியாக ஒரு பெண்ணை அன்று சித்தூரில் யாரும் பார்க்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தார். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பயப்படொத்தம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாராவது பையன் இருக்கிறானா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்றேன். எல்லா அம்மாவும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குமே அந்தச் சந்தேகம் வந்திருந்தது. கிளம்புவதற்கு முன் அவள் தலையணையைத் தூக்கிப் பார்த்திருந்தேன். ஒரு சாக்லேட் தாள் கிடைத்தது.

"என்ன டிரஸ்?"

"மஞ்சள் சுடிதார்."

அவர் எழுதாமல் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாற்பது ஐம்பது பேர் கோவிந்தா சொல்லிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். குழந்தையிலிருந்து கிழவர் வரை எல்லோரும் மஞ்சள்.

"வேற ஏதாவது அடையாளம் சொல்லுங்கம்மா" என்றார்.

ஸ்ரீசிட்டியிலிருந்து

ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது என் கணவர் கூப்பிட்டார். ஷிப்ட் இடைவேளை. சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன்.

"எத்தன மணிக்குப் போனா?"

"ஏழு."

"திட்டினியா?"

"இல்லங்க."

"நேத்து ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினு இருந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல. அந்த மேப்பு. ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் நடக்கலாம்னு கேட்டுக்கினு இருந்தா."

அந்தப் பக்கம் மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது.

"நடந்து பாக்கப் போயிருக்கா" என்றார்.

"யாரு?"

"உன் பொண்ணுதான், வேற யாரு. திருப்பதிக்கு நடந்துக்கினு போறாங்க இல்ல, அவங்களோட சேந்துக்கினு இருப்பா. நீ பஸ்ஸுல தேடாதே."

மஞ்சள் சுடிதாரை அவள் யோசிக்காமல் எடுக்கவில்லை. மதியத்திலிருந்து நான் கேட்டது எல்லாமே தவறான கேள்வி. தனியாக ஒரு பெண் என்று கேட்டேன். புரட்டாசியில் அந்தச் சாலையில் தனியாக யாருமில்லை. வேறு எந்த மாதத்திலாவது பதினான்கு வயதுப் பெண் ஹைவேயில் நடந்தால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், நான்கு பேர் வண்டியை நிறுத்துவார்கள். இந்த மாதத்தில் மோர்தான் கொடுப்பார்கள்.

"எங்கக்கா போவணும்?" என்றார் மஸ்தான் பாய்.

கணக்குப் போட்டேன். "பாகாலா பிரிவு பக்கம்."

"அவ்ளோ தூரமா? கொழந்தக்கா."

"கணக்குக்கு அவ்ளோதான் வருது. ஓட்டுங்க பாய்."

நடப்பவர்களை மட்டும் பார்த்தேன்

தொடக்கத்தில் சொன்ன பஞ்சர் கடை இதுதான்.

வழியெல்லாம் சாலையோரத்தில் நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். ஒருவரையும் விடவில்லை. அப்படியானால் அவள் இந்தச் சாலையிலேயே இல்லை. என் கணவர் சொன்னது தவறு. பெங்களூர் பஸ்ஸில் ஏறியிருந்தால் இப்போது எங்கே இருப்பாள் என்று மனம் அடுத்த கணக்கைத் தொடங்கிவிட்டது. எனக்கு எல்லாவற்றுக்கும் கிலோமீட்டராகத்தான் பயப்பட வருகிறது.

அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பஞ்சர் கடை நிழலில் உட்கார்ந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கால் நீட்டினார்கள். ஒருவர் துண்டை விரித்துப் படுத்தேவிட்டார். ஒரு பெண்மணி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் நீட்டினார். எழுந்திருக்கிற எண்ணமே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். அரை மணி நேரம் ஆகியும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

என் பத்து மணி நேரத்தில் உட்காருவதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. முறுக்கு தின்ன நேரமில்லை, கொப்புளம் பார்க்க நேரமில்லை, வெயில் தணியட்டும் என்று படுக்க நேரமில்லை. மெஷின் ஓடுகிற மாதிரி நடக்க வைத்திருந்தேன் அவளை.

"பாய், திருப்புங்க" என்றேன். "பந்தல் பந்தலா நிறுத்துங்க."

சாலை நெடுக ஊர்க்காரர்கள் பந்தல் போட்டிருந்தார்கள். மோர், புளியோதரை, தண்ணீர் பாக்கெட். வரும்போது இவை எதற்குள்ளும் நான் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொன்றிலும் இறங்கி நாற்காலிகளுக்கிடையே நடந்தேன். முதல் பந்தலில் இல்லை. அடுத்ததில் இல்லை. மூன்றாவதில் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்து ஓடினேன். அது வேறு யாரோ.

பூதலப்பட்டுக்கு அருகே ஒரு நீலப் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலியில் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் ஒரு பேசினில், உப்புத் தண்ணீரில். பக்கத்தில் என் வயதில் ஒரு அம்மா தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு குந்தியிருந்தார்.

நான் கையை ஓங்கிவிட்டேன். அந்த அம்மா எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி.

"மலைக்கு நடக்குற புள்ளைய அடிக்கக் கூடாதும்மா. ஆத்தரமா இருந்தா என்னை அடி."

அவர் பெயர் செல்வி, குடியாத்தம். காலையிலிருந்து பவித்ரா அவர் கூட்டத்தோடுதான் வந்திருக்கிறாள்.

"யார் கூட வந்தேன்னு கேட்டா, அம்மா முன்னாடி போவுதுன்னு சொல்லிக்கினே வந்துச்சு. வேகமா நடக்குற அம்மா போலன்னு நெனச்சேன். இப்பத்தான் தனியா வந்தேன்னு வாயத் தொறந்துச்சு. போன் நம்பர் குடுடீன்னா, பொழுது சாயட்டும்னுது."

அம்மா உண்மையிலேயே முன்னாடிதான் போயிருந்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பவித்ரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்து பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

"பதினெட்டுதாம்மா" என்றாள். "ஒவ்வொரு கல்லா பாத்துக்கினே வந்தேன். தமோரா பாதிகூட இல்ல."

கணவருக்குப் போன் செய்து கிடைத்துவிட்டாள் என்றேன். "துன்னாளான்னு கேளு" என்றார்.

பொழுது சாயும்வரை

"ஏறு ஆட்டோல" என்றேன்.

"இன்னும் பொழுது போகலம்மா. பொழுது போற வரைக்கும் நடந்தாத்தான் ஒரு நாள் ஆவும்."

"காலப் பாத்தியாடி?"

"அவளுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்."

செல்வி சிரித்தார். "நாங்களும் கெளம்பறோம். நீயும் வாயேம்மா. இன்னா, சீமத்துரை பொண்டாட்டியா நீ?"

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அவளை ஆட்டோவில் ஏற்றிக் கதவில்லாத அந்த வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போயிருக்கலாம். நடந்தேன். மஸ்தான் பாய் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தார்.

வெயில் இறங்கியிருந்தது. தார் சூடு மட்டும் செருப்பைத் தாண்டி வந்தது. பவித்ரா நொண்டினாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டேன்.

"நீ மெதுவா நடக்குறேம்மா. உன்னால கணக்கு கெடுது."

"உன் தூதுப்பொண்ணுக்கு அம்மா இல்லியா?"

"இருக்காங்க. ரேவுப்பாக்கத்துல."

"அவங்ககிட்ட சொல்லிட்டா கெளம்பினா?"

முன்னால் செல்வியின் கூட்டம் கோவிந்தா சொன்னது.

"அது எழுதல" என்றாள்.

விளக்குகள் ஏற்றும் நேரத்துக்கு இன்னும் இரண்டு கல் கூடியிருந்தது. போதும் என்று அவளே சொன்னாள். ஆட்டோவில் ஏறியதும் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். சித்தூர் வரும்வரை அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இருபது

நாற்பது இருபதானது. தமோராவின் அகலம் இங்கிருந்து ஹைதராபாத் போய், அங்கிருந்து பாதி வழிக்குமேல் திரும்பி வருகிற தூரத்துக்கு வந்து நின்றது. பவித்ரா வரைபடத்தின் மூலையில் அளவுகோல் போட்டுவிட்டாள். லாவண்யா நேரில் வந்து பார்த்தாள். "பரவால்ல, நெல்லூர் தாண்டிடுச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவப்புக் கோட்டின்மேல் புதிதாகச் சின்னச் சின்ன முக்கோணங்கள் வந்திருந்தன. என்ன என்று கேட்டேன். பந்தல் என்றாள். முன்னே அந்தச் சாலையில் தூதுப்பெண்ணைத் தவிர யாருமே இல்லை.

என் நிலைமை வேறு. அவள் ட்யூஷனுக்குப் போனால் இந்நேரம் எந்தத் தெருமுனையில் இருப்பாள் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. கூழைச் சோதித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஒருநாள் ஒரே சாம்பிளை இரண்டு தடவை சோதித்தேன். "நான் பாத்ரூம் போனாக்கூட எங்கடின்னு கேக்குறே" என்றாள் அவள். கேட்கிறேன்தான்.

தசரா லீவு விட்டதும் ஒருநாள் செல்வி போன் செய்தார். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமையும் தங்கச்சி கூட்டத்தோடு மறுபடி நடக்கிறாராம். போனை வாங்கிப் பேசிய பவித்ரா, வைத்ததும் என்னைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றேன், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"அவ பன்னண்டு நாள் நடக்குறாம்மா. நான் ஒரு நாள்தான் நடந்திருக்கேன். ரெண்டாவது நாள் அதே இருபது வருமா? விட்ட எடத்துலருந்து போறேன்."

"வேணாம்னா வேணாம்."

அவள் அழவில்லை, கோபிக்கவில்லை. அப்பாவுக்குப் போன் செய்தாள். "நைனா, நீயே சொல்லு" என்று என் கையில் கொடுத்தாள்.

"இந்த வாட்டி கேட்டுட்டுத்தான போறேன்றா" என்றார் அவர்.

நானும் கூட வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பவித்ரா தலையை ஆட்டினாள்.

"நீ வந்தா என் காலயே பாத்துக்கினு வருவே. முன்னாடி எங்கியாவது ஒரு எடத்துல உக்காந்துக்கோ. நான் அங்க வருவேன். ஆனா எழுந்து வரக்கூடாது. நானா வரணும்."

பெஞ்ச்

சனிக்கிழமை காலையில் மஸ்தான் பாய் அவளை விட்ட இடத்தில் இறக்கி, செல்வியின் கையைப் பிடித்து ஒப்படைத்துவிட்டு, என்னைப் பாகாலா பிரிவுக்கு இப்பால் ஒரு டீக்கடையில் கொண்டுவந்து விட்டார். அந்த இடத்தை நான் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கடையில் ஒரு பெஞ்ச் இருந்தது, நிழல் இருந்தது. அவ்வளவுதான்.

மதியம் ஆயிற்று. கூட்டங்கள் வந்தன, டீ குடித்தன, போயின. ஒரு பெரியவர் என் மஞ்சள் புடவையைப் பார்த்து, "நடக்கலியாம்மா?" என்றார்.

"பொண்ணு நடக்குது."

"எங்க இருக்குது?"

"தெரியல" என்றேன். டீக்கடைக்காரர் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

செல்வியின் நம்பர் போனில் இருந்தது. இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, திரையைக் கவிழ்த்துப் பெஞ்சில் வைத்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் ஏறி வந்தது. முதலில் தலைகள், பிறகு தோள்கள். நடுவில் சின்ன உருவம் ஒன்று, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து. நான் எழுந்துவிட்டேன். பிறகு மறுபடி உட்கார்ந்து பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கையாட்டவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் கல் இருந்தது. அதனருகே நின்றாள். குனிந்து எண்ணைப் பார்த்தாள். உதட்டில் ஏதோ சொல்லிக்கொண்டாள். பிறகு மீதித் தூரத்தை நடந்து வந்தாள்.